சாவா மூவா முதல்

திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் வாழைத்தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர், 1965ஆம் ஆண்டில் அடிவாரத்துப் பள்ளி ஒன்றிற்கு 500 ரூபாயை அறக்கட்டளையாக அளித்தார். முதலைத் தொடுதல் கூடாது; ஆண்டுதோறும் வரும் வட்டியைக்கொண்டு, தமிழில் முதன்மை பெறும் மாணவர்க்கு நூல்கள் வழங்குதல் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. 1974இல் அப்பரிசினை யான் பெற்றேன். உரையுடன் கூடிய திருக்குறள், ஓர் அகராதி, வேறு இரண்டு நூல்கள் ஆகியவற்றை இரு கையாலும் அணைத்துக்கொண்டு வீடு சென்றது இன்றும் நினைவில் உள்ளது.

சென்ற ஆண்டு அதே பரிசினை வழங்க என்னை அழைத்திருந்தனர். மாணவி ஒருத்தியிடம் யான் கொடுத்தது ஓர் எழுதுகோல்! வட்டி அதற்கே போதியது என்றனர். "முதலில் ஒரு காசும் குறையவில்லை, ஐயா" என்று கணக்கேட்டையும் காட்டினர். அவர்கள் பொய் உரைத்தாரல்லர். ஆயினும் அறம் தேய்ந்துவிட்டது.

மாணவர்களே, இஃது எங்ஙனம் நேர்ந்தது? பணத்தின் மதிப்பு அதன்மேல் எழுதிய எண்ணில் இல்லை. அது வாங்கித் தரும் பொருளில் உள்ளது. விலைவாசி ஏறுவதைப் பணவீக்கம் என்பர். இவ்வாண்டு ஏறிய விலையின்மேல் அடுத்த ஆண்டின் ஏற்றம் அமைவதால், அதுவும் வட்டிக்கு வட்டி போலவே வளரும். 72 என்னும் எண்ணை விழுக்காட்டால் வகுத்தால், ஒரு தொகை எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பது ஏறத்தாழத் தெரியும். இந்திய ரிசர்வ் வங்கி 2016 முதல் இலக்காகக் கொண்ட 4 விழுக்காட்டு ஏற்றமே, 18 ஆண்டுகளில் விலையை இரட்டிக்கச் செய்யும். மறுபுறம், 500 ரூபாயை 7 விழுக்காட்டு வட்டியில் இட்டு, வட்டியையும் முதலோடு சேர்த்துவந்தால், அறுபது ஆண்டில் ஏறத்தாழ 29,000 ரூபாய் ஆகும். வட்டி முழுவதையும் செலவிட்டால் அந்த ஐந்நூறே எஞ்சும். (கடன்பட்டார்க்கோ இதே வட்டிக்கு வட்டி பெரும்பகை, அது வேறு பாடம்.)

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்றே கருதுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆடு சாவாதா? சாகும். அதன் இடத்தில் குட்டி நிற்கும், தொகை குன்றாது. நெய் என்ன விலை விற்பினும் விளக்கு எரியும். அக்கோயிலிலேயே காசாக வைத்த அறங்களும் உண்டு. அவற்றுள் சிலவற்றிற்குக் காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அஃதாவது 12½ விழுக்காடு, பொலிசையாக வந்தது. சிலவற்றிற்கு நெல்லாகவே வந்தது. நெல்லாகப் பெற்ற அறத்தை விலையேற்றம் என்ன செய்யும்?

இதனால், பணத்தினும் ஆடும் வாழையும் உறுதியானவை என்று யான் கூறவில்லை. சிறுமலை வாழையையே முடிக்கொத்து நோய் பெரிதும் அழித்ததை இவ்வட்டாரத்தார் அறிவர். யான் வேண்டுவது, அப்பெரியவர் தம் தோட்டத்தில் செய்ததைப் பணத்திலும் செய்க என்பதே. தாரை வெட்டிய அவர், அடியில் நின்ற கன்றை வெட்டினாரல்லர்.

வட்டி 7 விழுக்காடு, விலையேற்றம் 4 விழுக்காடு எனக் கொள்வோம். 500 ரூபாய்க்கு வரும் வட்டி 35 ரூபாயில் 20 ரூபாயை முதலோடு சேர்த்து, 15 ரூபாய்க்கு மட்டும் நூல் வாங்கியிருத்தல் வேண்டும். எனக்கு அன்று கிடைத்த நூல்கள் நான்கிற்குப் பகரம் இரண்டாக இருந்திருக்கும். சென்ற ஆண்டு அம்மாணவிக்கும் இரண்டு கிடைத்திருக்கும். 'முதலைத் தொடுதல் கூடாது' என்ற விதியை 'முதலின் மதிப்புக் குறைதல் கூடாது' என்று கொள்ளுமாறும், தேய்ந்த பகுதியை ஈடுசெய்யப் பழைய மாணவரிடம் பொருள் திரட்டுமாறும் பொறுப்பாளர்க்கு எழுதியுள்ளேன். என் பங்கினையும் உடன் அனுப்பியுள்ளேன். மறுமொழி இன்னும் வரவில்லை.