நாயும் மீனெண்ணெயும்

புதுக்கோட்டை கீழராஜ வீதியிலிருந்து அறந்தாங்கிக் கடைத்தெரு வரையில், வீட்டில் நாய் வளர்க்கும் அன்பர் எவரைக் கேட்டாலும், மயிர் உதிர்கிறதென்றாலும், மேனியில் சொறி கண்டிருக்கிறதென்றாலும், குட்டி இளைத்திருக்கிறதென்றாலும், கிழநாய் எழுந்து நிற்கச் சிரமப்படுகிறதென்றாலும், ஏன், ஒரு வியாதியுமின்றி அது திண்ணையில் சுகமாக நித்திரை செய்துகொண்டிருந்தாலும்கூட, "மீன் எண்ணெய் கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்னும் ஒரே மறுமொழிதான் கிடைக்கிறது. இந்த உபதேசத்தைச் செய்கிறவர்களுடைய ஜீவகாருண்யத்தில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆயினும், ஒரு பொருள் எல்லா நோய்க்கும் ஏற்றதென்று பெயர் வாங்கிவிட்டால், அது எந்த நோய்க்கு மெய்யாகவே ஏற்றதென்று விசாரிப்பதை ஜனங்கள் நிறுத்திவிடுகிறார்கள். மீனெண்ணெய்க்கு அந்தக் கதிதான் நேர்ந்திருக்கிறது. குறிப்பிட்ட சில நோய்களில், குறிப்பிட்ட அளவில் பயன்படும் ஒரு பொருளை, நாய் வளர்ப்பின் நித்திய கர்மங்களில் ஒன்றாக ஆக்கியிருக்கிறோம் என்பதே என் ஆட்சேபம்.

இந்த நம்பிக்கைக்கு வேர் இல்லாமல் இல்லை. அந்த வேர், வேடிக்கையாக, நாயிடத்திலேயே இருக்கிறது. முதலாம் உலகப் போர் முடியும் தறுவாயில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்ற அறிஞர், நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து, கஞ்சி முதலிய சத்துக் குறைந்த ஆகாரங்களையே கொடுத்து வளர்த்தபோது, அவற்றின் எலும்பு மெலிந்து கால்கள் வளையும் ரிக்கெட்ஸ் நோய் கண்டது. காட் மீனின் ஈரலெண்ணெய் பெற்ற குட்டிகளோ அந்நோய்க்கு ஆளாகவில்லை. இதை அவர் 1919-இல் வெளியிட்டார். அந்தக் குணத்தைச் செய்தது வைட்டமின் டி என்னும் தனிச்சத்து என்பதை 1922-இல் அமெரிக்காவில் மக்காலம் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் நிலைநாட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் நார்வே நாட்டு எண்ணெய் வருவது நின்றபோது, சென்னை மாகாண அரசாங்கமே கோழிக்கோட்டில் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கிய பிள்ளைகள் பாட்டன்மாராகி, அந்த எண்ணெயின் கீர்த்தியைப் பேரப்பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகள் வளர்க்கும் நாய்களுக்கும் உரிமையாக்கிவிட்டுப் போனார்கள்.

ஆனால் அக்காலத்து எண்ணெய் ஈரலிலிருந்து எடுத்தது. அதன் மகிமை வைட்டமின் ஏ, டி இரண்டிலும் அடங்கியிருந்தது. இக்காலத்துச் சீசாக்களிலும் மாத்திரைகளிலும் பெரும்பாலும் இருப்பதோ மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் உடற்கொழுப்பு. அதன் மகிமை இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்னும் இரண்டு ஒமேகா-3 அமிலங்களைச் சேர்ந்தது. ஒன்றின் புகழை மற்றொன்றின் மேல் ஏற்றுவது அறியாமையோடு போகட்டும். ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கொடுப்பது அபாயம். மூட்டுவலிக்குப் போதிய ஒமேகா-3 சேரும்வரை ஈரலெண்ணெயைப் புகட்டினால், அதனோடு சேர்ந்து வைட்டமின் டி அளவு மீறி, இரத்தத்தில் கால்சியம் ஏறி, நாயின் சிறுநீரகமே பழுதாகக்கூடும்.

"நான் கொடுத்தேன், மயிர் பளபளத்தது, இதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்பவர் உண்டு. பளபளத்திருக்கும், மறுக்கவில்லை. தயிர்சாதமும் பொறையும் பால் தோய்த்த பிஸ்கோத்துமே ஆகாரமாகக் கொண்ட ஒரு நாய்க்கு எந்த நல்ல கொழுப்பைச் சேர்த்தாலும் மேனி தெளியும். தோலுக்கும் மயிருக்கும் மினுமினுப்பைத் தருவதில் முதலிடம் லினோலிக் அமிலம் என்னும் ஒமேகா-6 கொழுப்புக்கே உரியது. அது நம் சமையற்கட்டு நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் தாராளமாக இருக்கிறது. சோற்றில் ஒரு சிறுகரண்டி நல்லெண்ணெய் செய்திருக்கக்கூடிய காரியத்தைச் செய்துவிட்டு, மீன் படம் போட்ட சீசா அதன் பெருமையைத் தட்டிக்கொண்டு போகிறது.

அதைவிட மோசமான விஷயம், சொறிக்கு அதைக் கொடுப்பது. வெயிலும் புழுதியும் நிறைந்த நம் ஜில்லாவில் நாய்க்கு மயிர் உதிர்கிறதென்றால், முதலில் காதுமடலைப் புரட்டி உண்ணியைத் தேட வேண்டும். வால் அடியில் தெள்ளுப்பூச்சியைத் தேட வேண்டும். தோலைச் சுரண்டி, சொறிப்பூச்சியா பூஞ்சையா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் மீனெண்ணெய் கொல்லாது. ஒவ்வாமையால் வரும் அரிப்பில் மட்டும் அது ஓரளவு துணை செய்யும். அதுவும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். சுவர்ப் பிளவுகளில் முட்டையிட்டுப் பெருகும் உண்ணியோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. அது கொண்டுவரும் எர்லிக்கியா என்னும் கிருமி இரத்தத்தில் புகுந்து, அதை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்து, மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகும் நிலைக்கு நாயைக் கொண்டுவந்துவிடும். மிகுந்த அளவில் புகட்டிய மீனெண்ணெயும் தட்டணுக்களின் வேலையை மந்தப்படுத்தக் கூடியதே என்பதை எண்ணிப் பார்த்தால், உண்ணிக் காய்ச்சலில் விழுந்த நாய்க்கு அதைக் கரண்டி கரண்டியாக வார்ப்பவர் செய்யும் உபகாரம் எத்தகையதென்பது விளங்கும்.

இனி, கணக்குக்கு வருவோம். கணக்கு என்றவுடன் வாசகர் முகம் சுளிக்க வேண்டாம். இந்த வியாபாரம் முழுவதும் கணக்குப் பாராதவர்களை நம்பித்தான் நடக்கிறது. "1000 மில்லிகிராம்" என்று முகப்பில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட சாதாரண மாத்திரையில் எண்ணெய்தான் 1000 மில்லிகிராம். வேலை செய்யும் சத்தோ, இ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120, ஆக 300. அந்த 300 என்ற எண், பின்புறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் கிடக்கும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-இல் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்த நாய்க்கு இவ்விரண்டு சத்தும் சேர்ந்து, கிலோவில் கணக்கிட்ட உடல் எடையை முக்கால் (0.75) அடுக்குக்கு உயர்த்தி வரும் எண்ணில் அலகு ஒன்றுக்கு 30 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்குப் போதும். 20 கிலோ எடையுள்ள ராஜபாளையத்து நாய்க்கு இது ஏறத்தாழ 280 மில்லிகிராம். மூட்டுவாதத்துக்கோ, 2011-இல் பாயர் என்னும் அறிஞர் வகுத்துக் கூறிய அளவு 310 மில்லிகிராம் வீதம். அதே நாய்க்கு நாளொன்றுக்கு 2900-க்கு மேல். அதாவது அந்த மாத்திரையில் ஏறக்குறைய பத்து! மன்றம் விதித்த மேல்வரம்போ 3500 தான். ஆகவே தினம் ஒரு மாத்திரை என்ற நம்முடைய சம்பிரதாயம், மீன் தின்னும் ஆரோக்கியமான நாய்க்கு அநாவசியம்; மூட்டுவாதக் கிழநாய்க்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் ஒன்றுமில்லையே" என்பது கடைசி அரண். பத்து மாத்திரை என்பது 10 கிராம் சுத்தக் கொழுப்பு, 90 கலோரி. அந்த நாயின் அன்றாடத் தேவையில் பத்தில் ஒரு பங்கை நெருங்குவது. சோற்றைக் குறைக்காமல் அதைச் சேர்த்தால் நாய் பருக்கும். பருத்த நாயின் மூட்டு மேலும் நோகும். கொழுப்புத் தாளாத நாய்க்குப் பேதியும், சிலவற்றுக்குக் கணைய அழற்சியும் காணும். மேலும் இவ்வெண்ணெய் காற்றும் வெளிச்சமும் உஷ்ணமும் பட்டால் விரைவில் காறிப் போகும் இயல்புடையது. சித்திரை வெயில் நேரே அடிக்கும் கண்ணாடி அலமாரியில் வெள்ளைச் சீசாவில் மாதக்கணக்கில் நின்ற சரக்கைச் சத்து என்று சொல்லிக் கொடுப்பதைவிடக் கொடாதிருப்பது புண்ணியம்.

இத்தனைக்கும் நாம் கடலில்லாத சீமையில் வாழவில்லை. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் நம் ஜில்லாவில்தான் இருக்கின்றன; அங்கே கரையேறும் சாளையும் சூடையும் சீசாவில் அடைத்து விற்கும் அதே சத்தைச் சதையோடும் புரதத்தோடும் சேர்த்துத் தருகின்றன. வாரத்தில் இரண்டு மூன்று நாள், குடலும் முள்ளும் நீக்கி, உப்பும் புளியுமின்றி வேகவைத்த மீனைச் சோற்றில் பிசைந்து வைத்தால், நோயற்ற நாய்க்கு வேறு எண்ணெய் வேண்டியதில்லை. குழம்பில் கிடந்த மீனை மட்டும் தள்ளிவிடவேண்டும். அதிலுள்ள சின்ன வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாடும் உப்பினால் ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடையுள்ள 61 நாட்களில் மீன் விலை ஏறுமே என்றால், அந்த நாட்களில் நாய் மீனின்றி இருப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மீன் நுழையாத சைவ இல்லங்களில் ஆளிவிதை எண்ணெயைப் பதிலுக்கு வைக்கிறார்கள். அதிலுள்ள ஒமேகா-3 வேறு வகை, அதை இ.பி.ஏ.வாகவும் டி.ஹெச்.ஏ.வாகவும் மாற்றும் சக்தி நாயின் உடலுக்கு மிகக் குறைவு. அவர்கள் பாசியிலிருந்து எடுத்த எண்ணெயைத் தேடலாம்.

கால்நடை மருத்துவர்களே எழுதித் தருகிறார்களே என்பது நியாயமான கேள்வி. தருகிறார்கள், மூட்டுவாதத்துக்கும், சிலவகைச் சிறுநீரக, இருதய நோய்களுக்கும், ஒவ்வாமை அரிப்புக்கும், எடைபோட்டு, அளவு குறித்துத் தருகிறார்கள். அருகே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. யோசனை கேட்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அப்படி எழுதிக் கொடுத்த பின் கடைக்குப் போகிறவர், மீன்படத்தையும் முகப்பு எண்ணையும் பாராமல், பின்புறத்தில் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. தனித்தனியே மில்லிகிராமில் குறித்திருக்கிறதா என்று பார்க்கட்டும்; குறிக்காத சரக்கை அங்கேயே வைத்துவிடட்டும். ஈரலெண்ணெயா என்று கேட்கட்டும். ஒரு மாதத்துக்குள் தீரும் சிறிய கறுப்புச் சீசாவாக வாங்கி, குளிர்ப்பெட்டியில் வைத்து, கால் பங்கில் தொடங்கி வாரங்கள் செல்லச் செல்ல ஏற்றிக்கொண்டு போகட்டும். பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்யக் கூட்டிப் போகும் நாள் குறித்தவுடனே, இன்ன எண்ணெய், இத்தனை நாளாக, இவ்வளவு கொடுத்து வருகிறோம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். அறுத்த இடத்தில் இரத்தம் உறைவதில் அவர் கவனமாக இருப்பார்.