ஆளை அளந்து ஒரு மேசை

கதிரை, மேசை, அலுமாரி மூன்றும் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்த சொற்கள். மேசையின் லாச்சியும், மேசை போட்ட கந்தோரும், அதைச் செய்து தரும் பாஸும் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. அதற்கு முன்னர் நமக்குப் பாய்தான். விரித்தால் படுக்கை, சுருட்டி வைத்தால் அதே அறை கூடம்.

கண்டி இராச்சியம் இந்த இரு கூட்டத்தாருக்கும் பணியவில்லை. கதிரை மட்டும் எப்படியோ மலையேறி வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் அதில் உட்கார முடியாது. 1660 இல் பிடிபட்டு ஏறத்தாழ 20 வருடம் எங்கள் கண்டிப் பக்கத்தில் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் அதை எழுதி வைத்திருக்கிறார்: கதிரை அரசனுக்கு மட்டும், குடிமக்களுக்குச் சாய்வில்லாத முக்காலி. பின்னாளில் கண்டி அரசர்கள் அமர்ந்த சிம்மாசனமும் ஒல்லாந்தர் கொடுத்ததுதான். 1693 இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாக வந்த அது, 1815 இல் கண்டி வீழ்ந்த பின் இங்கிலாந்துக்குப் போய், 1934 இல் திரும்பி, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதிரைப் புராணத்துக்குக் காரணம் என் மகள். 2020 மார்ச் 20 ஆம் திகதி கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள். கொழும்பில் இருந்த அவளுடைய கந்தோர் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் பருப்புச் சட்டியும் மடிக்கணினியும் ஒரே மேசையில் குடித்தனம் நடத்தின. பிறகு ஒரு கடையில் மேசை வாங்கினோம். கண்ணாடி போலப் பளபளப்பு, தேக்கு நிறம், மூன்று லாச்சி. ஒக்டோபர் மழை தொடங்கியதும் ஓரங்கள் ஊறிய பாண் மாதிரிப் பொங்கின. அமுக்கிய மரத்தூள் பலகைக்கு மேலே தேக்கு நிறத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். தாள் பிரிந்த ஓரத்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. கண்டியின் காற்றில் வருடத்தில் பாதி நாள் உப்பே கசிகிறது, மரத்தூள் எம்மாத்திரம்? நடு லாச்சி திறக்கவே மறுத்தது. அதற்குள் மகளுக்குத் தோள்வலியும் வந்திருந்தது.

பழைய மரவேலைக்காரர் ஒருவரைத் தேடிப் போனேன்.

"யாருக்கு சேர் மேசை?"

"மகளுக்கு."

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க. மேசைய அளக்க முந்தி ஆள அளக்கணும்."

முப்பது வருடம் கந்தோர் மேசையில் கழித்தவன் நான். என்னை ஒருவரும் அளந்ததில்லை. பாஸ் மகளை ஒரு வாங்கில் உட்கார வைத்தார். பாதம் முழுதாகப் படியும் வரை காலுக்குக் கீழே பலகைத் துண்டுகளை வைத்தார். முழங்கையை மடிக்கச் சொன்னார். பாதம் படிந்த பலகையிலிருந்து முழங்கை வரை நாடா பிடித்தார். அவள் உயரம் சரியாக ஐந்தடி. கடைகளில் விற்கிற மேசை 30 அங்குலம். அவளுக்கு வேண்டியது 26 என்று கணக்கு வந்தது. இந்த நாலு அங்குலத்தைத்தான் அவள் தோள் ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டிருந்தது.

மரத்துக்கு என் பாட்டியின் கட்டில் உதவியது. பலாப் பலகை. வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும் பலா, வெளிச்சம் பட்டுப் பட்டு வருடங்களில் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகும். புதிதாக ஒரு பலாவைத் தறிப்பது லேசில்லை. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் வெட்ட அனுமதி வேண்டும். மூன்றும் சோறில்லாத நாளில் வயிற்றை நிரப்பியவை. அதனால் பழைய கட்டிலையும் கதவையும் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஆளை அளக்கணும் என்று பாஸ் சொன்னதை எழுபது வருடத்துக்கு முன்னரே இதே கண்டியில் ஒரு பெண் தொழில்முறையாகச் செய்திருக்கிறார். மினெட் டி சில்வா, 1918 இல் கண்டியில் பிறந்தவர். 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லு கொர்புசியேயின் நண்பர். இலண்டனிலேயே இருந்திருக்கலாம். 1949 இல் ஊருக்குத் திரும்பி, பெற்றோரின் வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். இன்று நாம் புதுமை என்று பேசுகிற வீட்டுக் கந்தோர் அன்றே கண்டியில் நடந்திருக்கிறது.

அவருடைய முதல் பெரிய வேலை கண்டியில் கருணாரத்ன குடும்பத்துக்குக் கட்டிய வீடு. கொங்கிரீட்டும் கண்ணாடியும் போட்ட நவீன வீடுதான். ஆனால் அதன் கதவுகளில் தும்பறைப் பாய் நெசவு, படிக்கட்டுக் கைபிடியில் அரக்குச் சாயம், ஊர்க் குயவர் சுட்ட ஓடுகள், சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம். பிறகு ஐம்பதுகளில் வட்டபுளுவையில் அரச ஊழியருக்கு ஏறத்தாழ 250 வீடுகள் அமைக்கும் திட்டம் வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பல சமூகத்தவர் குடிவர இருந்தார்கள். மினெட் கோடு கீறுவதற்கு முன்னர் அவர்களிடம் கேள்விப் பத்திரம் கொடுத்தார். எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டறிந்து, அதன்படி வீட்டு வகைகளை வரைந்தார். பாஸின் நாடாவும் மினெட்டின் கேள்விப் பத்திரமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

மேசை வந்ததும் அதை எங்கே போடுவது என்ற பிரச்சினை. மகள் ஜன்னலுக்கு நேரெதிரே போட்டாள், கண் கூசியது. முதுகைக் காட்டிப் போட்டாள், திரையில் ஜன்னல்தான் தெரிந்தது. கடைசியில் ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி வைத்ததும் சரியானது. 2022 இல் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது அந்த ஜன்னல்தான் எங்கள் விளக்கு. பின் சுவரில் குண்டசாலைப் பக்கத்திலிருந்து வாங்கிய தும்பறைப் பாய் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாள். ஹேனவல கிராமத்தில் நாரைத் திரித்துச் சாயமூட்டி நெய்வது. வெறும் சுவரில் மோதி வந்த எதிரொலி குறைந்தது. வீடியோக் கூட்டத்தில் பாயின் விலையைக் கேட்காத ஆளில்லை.

எல்லாம் முடிந்து மேசையைச் சுற்றி நின்று நாங்கள் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள், "எனக்கு மட்டும் ஒருத்தரும் அளவு எடுக்கல."

அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடையும் சட்டையும் தைத்து, என் சம்பளம் முடிந்த பிறகு வரும் பத்து நாட்களை முப்பது வருடமாக ஓட்டியவள். வீட்டிலிருந்து வேலை என்பது 2020 இல் இந்த வீட்டுக்குள் வரவில்லை, முன்னரே இருந்தது. அதற்கு ஜன்னல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மெஷின் இருப்பது குசினிக்குப் போகிற இருட்டு நடையில். அவள் உட்காருவது சாய்வில்லாத ஒரு முக்காலியில். நொக்ஸைப் படித்துவிட்டு அரசனைப் பற்றிச் சிரித்தவன் நான்.

வருகிற ஞாயிறு பாஸ் மறுபடி வருகிறார். மெஷினை முன்னறை ஜன்னலுக்கு மாற்றுகிறோம், சாய்வு வைத்த கதிரைக்கு அவளை அளக்கப்போகிறார். உங்கள் வீட்டிலும் யாராவது முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். புது மேசை வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.