வெயிலைச் சமைக்கும் இலை

மரம் மண்ணைத் தின்றே வளர்கிறது என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? பிரஸ்ஸெல்ஸ் நகரத்து வான் ஹெல்மாண்ட் என்பவர் இதைச் சோதித்தார். 200 ராத்தல் மண்ணில் 5 ராத்தல் வில்லோக் கன்றை நட்டு, தண்ணீர் மட்டுமே வார்த்து வந்தார். ஐந்து வருஷத்தில் மரம் 169 ராத்தலாயிற்று. மண் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்! தண்ணீரே மரமாயிற்று என்றார் அவர். 1648-ல் வெளியான அம்முடிவு பாதிதான் சரி.

மீதிப் பாதி காற்றும் வெயிலும். இலையிலுள்ள பச்சையம் வெளிச்சத்தைப் பற்றித் தண்ணீரைப் பிளக்கிறது, பிராணவாயு வெளியேறுகிறது, எஞ்சிய ஹைட்ரஜன் காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் கூடிச் சர்க்கரையாகிறது. வெயிலின் சக்தி அதனுள் அடங்கி நிற்கிறது. அதுவே நெல்லில் மாவாகி, சோறாய் நம் இலைக்கு வருகிறது. ஒரு பிடி சோற்றை எறியுமுன், எத்தனை நாள் வெயிலை எறிகிறோம் என்று எண்ணிப் பார்ப்போமாக.