வருடினால் போதும்

ஒரு பிரதோஷத்தன்று மாலை எங்கள் ஊர்ச் சிவாலயத்தில் நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய்க்காப்பு முடிந்து, குருக்கள் அரிசி மாப்பொடியைக் கையில் அள்ளித் திருமேனியின்மீது மெல்லத் தடவினார். திமில், கழுத்து, காதுமடல் என்று ஓரிடம் விடாமல் அவர் கை சென்றது. எங்கும் அழுத்தமில்லை, அவசரமில்லை. எண்ணெயை மாவு வாங்கிக்கொண்டது. ஒரு குடம் நீர் விழுந்ததும் கருங்கல் குளிர்ந்து மின்னியது.

அதே வேளையில் எனக்குப் பின்னால் ஏதோ உராயும் ஓசை கேட்டுத் திரும்பினேன். ஏறத்தாழ 75 வயதுள்ள நண்பர் ஒருவர், மேல்துண்டை விலக்கிவிட்டுத் தம் முதுகைக் கல்தூணில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டதை அறிந்து வெட்கத்துடன் சிரித்தார். “மார்கழி பிறந்தால் இதே பாடுதான் சார். அரிப்புத் தாங்கவில்லை. சோப்புப் போட்டு நாரால் அழுத்தித் தேய்த்தும் போகவில்லை” என்றார்.

நான் சிரிக்கவில்லை. அதே தவற்றைச் செய்து அதற்குரிய வட்டியையும் கட்டியவன் நான்.

என் இல்லாள் இருந்தவரையில், எங்கள் குளியலறை மாடத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா எப்போதும் இருக்கும். அதில் பயத்தம் மாவு இருக்கும். அது எப்படி வருகிறது, எப்போது தீர்கிறது என்று முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. வங்கியில் பிறருடைய கணக்குகளைக் காசு விடாமல் சரிபார்த்தவனுக்கு, வீட்டு டப்பாவின் இருப்புத் தெரியாமல் போயிற்று. அவள் மறைந்த பிறகு டப்பா காலியாயிற்று. அதை நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைச் சோப்பும், முரட்டுப் பீர்க்கங்காய் நாரும் போதும் என்றிருந்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் கால்களில் தோல் வெளுத்துச் செதில் செதிலாக உரியத் தொடங்கியது. அழுக்குத்தான் சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, நாரை இன்னும் அழுத்தினேன். ஒருநாள் கணைக்காலில் தோல் கிழிந்தது. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. அந்தச் சிறு கீறல் ஆறுவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரமும் கால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் பல இரவுகள் உறங்காமல் கழிந்தன.

சிகிச்சை அளித்த தோல் மருத்துவர் என் மகள் வயதுடையவர். காலைப் பார்த்துவிட்டு, “சார், நீங்கள் குளிக்கிறீர்களா, பாத்திரம் விளக்குகிறீர்களா?” என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். நம் தோலின் மேலடுக்கில் உள்ள செல்கள் தாமே இறந்து, தாமே உதிர்கின்றன. இளமையில் சுமார் நான்கு வாரங்களில் மேலடுக்கு முழுவதும் புதிதாகிவிடும். முதுமையில் அதற்கு 40 நாட்களுக்கு மேலும் ஆகலாம். ஆகவே உதிர வேண்டியது உதிராமல் தங்கிச் சொரசொரப்பாகிறது. கூடவே, தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய்ப் பசையும் குறைகிறது, தோலும் மெலிகிறது. நாம் அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பது பெரும்பாலும் வறட்சியே. நல்ல தோல் சற்றே அமிலத் தன்மை உடையது. சாதாரணக் குளியல் சோப்போ காரத் தன்மை உடையது. உள்ள பசையையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். “உதிரத் தயாராக இருப்பதை மட்டும் மெல்ல எடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம்” என்றார் அவர்.

“பயத்தம் மாவு போடலாமா?” என்று தயங்கிக் கேட்டேன். “நைசாகச் சலித்தது என்றால் தாராளமாக. ஆனால் புண் முழுவதும் ஆறிய பிறகு” என்றார்.

அன்று வீடு திரும்பும் வழியில் என் சிறுவயதுச் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் வகுத்திருந்தார்கள். தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லோரும் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழியக் கிணற்றடியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு. உடம்புக்குப் பயத்தம் மாவு. அவர்களில் எவரும் அதை அழகு சாதனம் என்று நினைத்ததில்லை. பெண்களுக்கு உரியது என்று ஒதுக்கியதும் இல்லை. இடையில் வந்த நாம்தான், “ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று விட்டுவிட்டோம்.

புண் ஆறியதும் நானே மாவு தயாரிக்கக் கற்றுக்கொண்டேன். செய்முறை எளியது. பாசிப்பயறு அரைக் கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூலாங்கிழங்கு 50 கிராம், பொடியாக நறுக்கிய வெட்டிவேர் 50 கிராம், உலர்ந்த ஆவாரம்பூ ஒரு கைப்பிடி. யாவற்றையும் நன்றாக உலர்த்தி மாவு மில்லில் அரைக்கக் கொடுக்கலாம். ஓர் எச்சரிக்கை: உங்களுக்கு முன்னால் அந்த இயந்திரத்தில் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்ட முதல் முறை, அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் நிற்க நேர்ந்தது!

அரைத்த மாவை மெல்லிய பருத்தித் துணியில் சலிக்க வேண்டும். சித்த வைத்தியர்கள் இதனை வஸ்திரகாயம் என்பார்கள். இப்படிச் சலிப்பதுதான் இதில் முக்கியம். இரு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தால் விபூதியைப் போல வழுக்க வேண்டும். ரவையைப் போல நெருடினால் அது முதியவர் தோலுக்கு ஆகாது. புதிதாகத் தயாரித்ததை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிக் கழுவி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

பூசுவதற்கும் முறை உண்டு. இரண்டு தேக்கரண்டி மாவை மோரிலோ தயிரிலோ தளரக் கரைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் உடம்பை நனைத்த பிறகு பூசி, உள்ளங்கையால் மெல்ல வருடி, காயும் முன்பே கழுவிவிடுங்கள். காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்த்தால் அதுவும் நாராகிவிடும். உடம்புக்கு வாரம் இருமுறை, முகத்துக்கு ஒருமுறை போதும். சவரத்துக்கு முன் முகத்தில் பூசிக் கழுவினால் தாடி மயிர் மிருதுவாகும்; சவரம் செய்த பின் அன்று பூச வேண்டாம். அன்றாடம் செய்ய வேண்டியது வேறு: குளித்துத் துவட்டிய ஈரம் முற்றும் உலருமுன் சில துளி தேங்காய் எண்ணெயைக் கை கால்களில் தடவுவது. சர்க்கரை உள்ளவர்கள் கால்விரல் இடுக்குகளில் எண்ணெய் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இயற்கைப் பொருள் என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. நலங்கு மாவில் சேர்க்கும் கார்போக அரிசி, தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் இயல்புடையது. எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கும். இவ்விரண்டையும் நான் தவிர்க்கிறேன். உப்பு, சர்க்கரை, காப்பித்தூள், கொட்டை ஓட்டுத் தூள் ஆகியவை நம் வயதுக்கு வேண்டாம். சர்க்கரை நோயாளிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் முழங்காலுக்குக் கீழே எதையும் தேய்க்காதிருப்பதே நன்று. மாவும் எண்ணெயும் விழுந்த தரை வழுக்கும்; முக்காலியில் உட்கார்ந்தே குளியுங்கள். அரிப்பு இரவில் உறங்க விடாத அளவுக்கு இருந்தால், அல்லது சில வாரங்களில் தணியாவிட்டால், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு உள்ளே வேறு காரணமும் இருக்கக்கூடும்.

இவை யாவற்றையும் அன்று மண்டபத்திலேயே நண்பரிடம் சொன்னேன். மறுநாள் காலை ஒரு பொட்டலம் மாவையும் அவர் வீட்டில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். “எல்லாம் சரி சார். முதுகு எனக்கு எட்டாதே. தேய்த்துவிட்டவள் போய் நான்கு வருஷமாகிறது” என்றார்.

என்னிடம் அதற்கு விடை இல்லை. எனக்கும் எட்டாத இடம் அதுதான். “பிள்ளையிடம் கேட்டுப் பாருங்களேன்” என்று மட்டும் சொன்னேன். “அவனிடம் போய் இதை எப்படிக் கேட்பது?” என்றார்.

அடுத்த பிரதோஷத்தன்று அவரைக் கவனித்தேன். தூணுக்கு அருகில் நில்லாமல், நந்திக்கு நேர் எதிரே கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். தீபாராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“கேட்டுவிட்டேன் சார். முதலில் சிரித்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மாவைக் கையில் வாங்கினான். அழுத்தாதே, வருடினால் போதும் என்றேன். வருடிக்கொண்டே வந்தவன் நடுவில் கையை நிறுத்திவிட்டான். ‘அப்பா, உங்கள் முதுகை நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிறது. இவ்வளவு மெலிந்துவிட்டீர்களே’ என்றான். இப்போது சனிக்கிழமைதோறும் அவனே டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறான்.”

வீட்டில் முதியவர் இருப்பவர்கள் வரும் சனிக்கிழமை அவரைக் கேட்டுப் பாருங்கள். முதியவர்களே, நீங்களும் கூச்சத்தை விட்டுக் கேளுங்கள். மாடத்து டப்பாவை நான் இப்போது தீரவிடுவதில்லை. என் பேரன் கோடை விடுமுறைக்கு வருகிறான், நானும் கேட்கப்போகிறேன்.