காதுக்கு ஒரு கணக்கு, விரலுக்கு ஒரு கணக்கு

தாத்தா காலத்து வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்விட்சைப் போட்டதும் அது பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்து, சூடேறி, அதன் பிறகுதான் வாய் திறக்கும். டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வுகள் வீட்டை விட்டுப் போயின. எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்கள் பலர் அவற்றை இன்றுவரை விடவில்லை.

ரேடியோ கரகரத்தால் பழுது என்போம். ராக், மெட்டல் கிடாரில் அந்தக் கரகரப்புதான் சங்கதி. ஒரு வால்வுக்குத் தாங்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டி ஒலியை அனுப்பினால், ஒலி அலையின் உச்சி நசுங்கும். அந்த நசுங்கலில், வாசித்த சுரத்தோடு புதிய துணைச் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். ஒரு வால்வு பெருக்கியதை அடுத்த வால்வு, அதற்கடுத்த வால்வு எனக் கட்டம் கட்டமாகப் பெருக்கினால் அது 'ஹை கெயின்' ஆம்ப். மெதுவாகத் தொட்ட தந்திகூட அதில் நீண்டு பாடும்.

எல்லா ஹை கெயின் ஆம்பும் ஒரே மாதிரி உறுமும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். புகழ்பெற்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இங்கிலாந்தின் மார்ஷல் ஜேசிஎம் 800. டிரம்ஸ் ஆசிரியராக இருந்து, லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்த ஜிம் மார்ஷலின் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்தது. இதன் குரலில் நடு ஸ்தாயி தூக்கலாக இருக்கும். நாய் குரைப்பதுபோல முன்னால் வந்து நிற்கும். பின்னால் வந்த ஆம்ப்களோடு ஒப்பிட்டால் கெயின் குறைவு. விரல் அழுத்தினால்தான் பதில் வரும், பிசகினால் பிசகு அப்படியே கேட்கும். ஸ்லேயர் குழுவின் கெர்ரி கிங் இதை வைத்துத்தான் பெயர் வாங்கினார்.

இரண்டாவது, கலிஃபோர்னியாவின் மெசா பூகி டூயல் ரெக்டிஃபயர். 1990-களின் தொடக்கத்தில் வந்தது. அடித்தளத்தில் கனத்த பேஸ், மேலே கூர்மை. ஒரு கார்டு அடித்தால் சுவர் எழும்பி நிற்பது போலிருக்கும். ஆனால் வேகமாக வாசித்தால் அந்த பேஸ் கொஞ்சம் தளர்ந்து குழையும். அதனால்தான் பலர் இதற்கு முன்னால் ஓர் ஓவர்டிரைவ் பெடலை வைத்து, பேஸைக் கொஞ்சம் வெட்டி அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, எடி வான் ஹேலனுக்காக மிசிசிப்பியின் பீவி நிறுவனம் செய்த 5150. இதுவும் 1990-களின் தொடக்கம்தான். கெயின் கொட்டிக் கிடக்கும். அடித்ததும் ஒலி பாயும், உள்ளங்கையை வைத்துத் தந்தியை அமுக்கியதும் வெட்டினாற்போல நிற்கும். எடி 2004-ல் பீவியை விட்டு விலகிய பின் இதே ஆம்ப் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. மெட்டல் குழுக்களும் இதை விடவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காதின் கணக்கு. விரலின் கணக்கு வேறு.

வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும் பகுதிக்கு ரெக்டிஃபயர் என்று பெயர். அதை வால்விலும் செய்யலாம், சிலிக்கான் டயோடிலும் செய்யலாம். மெசாவின் ஆம்பில் இரண்டும் உண்டு, ஸ்விட்ச் போட்டு மாற்றிக்கொள்ளலாம். பெயரில் 'டூயல்' என்று இருப்பது அதையே நினைவூட்டும். வால்வு ரெக்டிஃபயரில் தந்தியை ஓங்கி அடித்தால், ஆம்ப் கேட்கும் மின்சாரம் சட்டென்று கிடைக்காது. வோல்டேஜ் ஒரு கணம் இறங்கி, பிறகு ஏறும். லோ வோல்டேஜில் மிக்ஸி திணறுமே, அதுபோல. கேட்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. வாசிப்பவருக்கோ மெத்தையில் கால் வைத்ததுபோல ஒரு நெகிழ்வு. டயோடு என்றால் சிமெண்ட் தரை. அடி அப்படியே திரும்பி வரும். முன்னது நிதானமாக இழுத்து வாசிப்பவருக்குப் பிடிக்கும், பின்னது வேகமாக ரிதம் வெட்டுபவருக்கு.

ஒப்பீட்டு வீடியோ பார்த்து மட்டும் ஆம்ப் வாங்குபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். காது கேட்டதை வாங்கிவிட்டு, விரலுக்கு ஒட்டாமல் ஆறு மாதத்தில் விற்கிறார்கள்.

சரியாக ஒப்பிட மூன்று விஷயங்கள் போதும். முதலில், சத்தம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பதையே நம் காது 'நல்ல டோன்' என்று சொல்லிவிடும். அடுத்து, ஒரே ஸ்பீக்கர் பெட்டி. ஸ்பீக்கரை மாற்றினால் பாதிக் குரல் மாறிவிடும். ஆம்பை மாற்றும்போது அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம். மூன்றாவது, வாங்குபவரே தன் சொந்தக் கிடாரில் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த மெத்தை நெகிழ்வு, ஆம்பை உரக்க வைத்தால்தான் வரும். 100 வாட் ஆம்பைப் படுக்கையறையில் கிசுகிசுக்க விட்டால் வராது. 50 வாட் வாங்கினால் பாதிச் சத்தம்தானே என்றால், அதுவும் இல்லை. வித்தியாசம் வெறும் 3 டெசிபல்தான். இரண்டுமே மேடைக்குப் பிறந்தவை, வீட்டில் காதைப் பதம் பார்ப்பவை.

பிள்ளை ஆம்ப் கேட்டு அடம்பிடித்தால், எது பிரபலம் என்று தேட வேண்டாம். கடைக்கு அழைத்துப்போய், தன் கிடாரில் வாசிக்கச் சொல்லி, அவன் முகத்தைப் பாருங்கள். முதல் கார்டிலேயே பதில் தெரிந்துவிடும்.