கேட்கவும் கற்பிப்போம்



'கால்வாய் அடைபட்டுள்ளது, துப்புரவு செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' அலுவல் கடிதம் என்றால் நாம் மாணவர்களுக்குக் கற்பிப்பது இதுவே. 'அக்கால்வாயைத் துப்புரவு செய்யும் குத்தகை எவ்வளவுக்கு விடப்பட்டது? மாதம் எத்தனை முறை செய்ய வேண்டும்?' என்று ஆவணம் கேட்டு எழுதும் கடிதத்தை நாம் கற்பித்ததுண்டா?

நானே ஒருமுறை ஓர் அலுவலக முகப்பில் இதுபோன்ற விவரம் கேட்டேன். "உங்களுக்கு எதற்கு?" என்றனர். இருபது ஆண்டுகளாகக் கற்பித்தவன், பதிலின்றித் திரும்பினேன். இன்றும் அது உறுத்துகிறது.

சிலாங்கூர் சட்டமன்றம் 2011ஆம் ஆண்டில் தகவல் சுதந்திரச் சட்டத்தை இயற்றியது. மலேசியாவில் இவ்வழியில் முதலடி வைத்த மாநிலம் நம்முடையதே. ஊராட்சி மன்றங்களும் இச்சட்டத்திற்கு உட்பட்டவை. எனவே ரவாங் மக்களாகிய நாம் செலாயாங் நகராண்மைக் கழகத்திடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்.

ஆனால், விண்ணப்பத்தில் நோக்கத்தைக் குறிப்பிட வேண்டும்; பெற்ற தகவலை அந்நோக்கத்திற்கு மாறாகப் பயன்படுத்துவது குற்றம். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ காரணம் கேட்பதில்லை. பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தரவேண்டும் என்கிறது. நம் சட்டமும் அவ்வாறு திருந்த வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரை, இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாமல் விடலாமா? வரி செலுத்துவோருக்குக் கணக்குக் கேட்பது அத்துமீறல் அன்று. வகுப்பறையில் 'ஏன் என்று கேள்' என்கிறோம். வெளியே நாம் வாய்மூடி நின்றால், பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

சிந்திப்போம்.