மூட்டும் மூன்று பாகையும்

கோணமானியில் 3 பாகை பிசகினால் எங்களுக்கு அரை மதிப்பெண் போகும். முழங்கால் மூட்டு மாற்று அறுவையிலோ, உடலின் பாரமே ஒரு பக்கமாகச் சாயும். செயற்கை மூட்டு 3 பாகைக்குள் நேராக அமைய வேண்டும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட அளவு. வழக்கமான முறையில், தொடை எலும்பினுள் நீண்ட கம்பியைச் செலுத்தி, வெட்டும் கோணத்தைக் குறிப்பர்.

1997-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் டாக்டர் சராகாலியா குழுவினர் கணினியின் துணையை நாடினர். எலும்புகளில் பொருத்திய அடையாளக் கருவிகளை அகச்சிவப்புக் கேமரா நோக்கியிருக்க, மருத்துவர் காலை வட்டமாகச் சுழற்றுகிறார். இடுப்பு மூட்டின் மையத்தைக் கணினி கணித்துவிடுகிறது! காணாத மையத்தை வட்டத்தைக் கொண்டு கண்டறிவது எங்கள் வடிவியல் பாடமே அன்றோ?

இம்முறையில் கோணப் பிசகு குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் நோயாளி முன்னிலும் நன்றாக நடக்கிறார் என்பது அவ்வளவு தெளிவாகவில்லை. ஆகவே, கணினி என்ற பெயருக்காகவே பாட்டியின் வளையலை விற்றுக் கூடுதல் பணம் கட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. பழைய முறிவால் தொடை எலும்பு வளைந்தவருக்கோ அந்தக் கம்பி நுழையாது. அவர் ஏழையாயினும் இக்கருவி முதலில் அவருக்கே கிடைக்க வேண்டும் என்கிறோம்.